கூடித் தெளியும் மருத்துவம்: திண்மக் கட்டியும் தமிழ்ச் சொல்லும்



பெரிய மருத்துவமனைகளில் வாரந்தோறும் குறித்த நாளில் ஒரு கூட்டம் கூடும். அதற்கு மேடை இல்லை, மாலை இல்லை, வரவேற்புரை இல்லை. சுவரில் ஒரு திரை. எதிரே சில நாற்காலிகள். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்தால் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவர், திசுவை நுண்ணோக்கியில் கண்டறியும் நோய்க்குறியியல் வல்லுநர், படங்களைப் படித்துச் சொல்லும் ஊடுகதிர்ப் பட வல்லுநர், செவிலியர் எனப் பலதுறையினர் அமர்ந்திருப்பர். இளம் மருத்துவர் ஒருவர் எழுந்து வாசிப்பார்: வயது, பால், தொழில், எத்தனை மாதத் தொல்லை, கட்டி எவ்விடத்தில், எத்தனை சென்டிமீட்டர். படம் திரையில் விரியும். ஒருவர் அறுக்கலாம் என்பார். மற்றவர் முதலில் கதிர்வீச்சு என்பார். மூன்றாமவர் படத்தில் ஒரு விளிம்பைச் சுட்டி ஐயம் எழுப்புவார். சில நிமிடங்களில் முடிவு ஏட்டில் ஏறும். அடுத்த பெயர் வாசிக்கப்பெறும். இதனை டியூமர் போர்டு என்பர். தமிழில் கட்டி ஆய்வுக் குழு எனலாம்.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. கூடியிருந்து கவிதை படித்து, ஒருவர் கண்ட பொருளை மற்றவர் மறுத்து, மூன்றாமவர் பாடத்தையே ஐயுற்று வந்த அவை இது. உயிரை நடுவே வைத்துக்கொண்டு ஏறத்தாழ அதே செயலைச் செய்யும் மற்றோர் அவையை இங்கு அறிமுகப்படுத்துவது பொருந்தாச் செயல் ஆகாது. மேலும், அவ்வவை எடுக்கும் முடிவு நோயாளியின் செவியைச் சென்றடைய வேண்டியது தமிழ்ச் சொல் வழியாகவே. அவ்விடத்தில் ஒரு குறை இருக்கின்றது. அக்குறை மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

முதற்கண் பெயரைக் காண்போம். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் இந்நோயை நண்டு என்றன. நண்டின் கால்கள்போல் நாற்புறமும் பற்றிக்கொள்வதால் அப்பெயர் எய்தியது என்பர். இலத்தீனில் நண்டைக் குறிக்கும் சொல்லே இன்று உலகெங்கும் கான்சர் என வழங்குகின்றது. தமிழ் நண்டைக் கொள்ளவில்லை, புற்றைக் கொண்டது. கறையான் புற்றில் மண்ணுக்கு மேல் எழுந்து தெரியும் குவியல் சிறிது. மண்ணுக்குள் ஓடும் வழிகளோ பல. மேலே இருப்பதை இடித்துவிட்டால் புற்று ஒழிந்தது என எந்த உழவரும் கருதார். நண்டைவிடப் புற்றே இந்நோயின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது என்று துணிந்து கூறலாம்.

புற்றுநோய் ஒன்றன்று, பல. குருதியிலும் எலும்பு மச்சையிலும் தோன்றி உடலெங்கும் ஓடுவன ஒருவகை. மார்பகம், கருப்பை வாய், கன்னம், நாக்கு, குரல்வளை, இரைப்பை, மலக்குடல், நுரையீரல் என ஓர் உறுப்பில் தோன்றித் திரண்டு நிற்பன மற்றொரு வகை. பின்னவற்றையே திண்மக் கட்டிகள் என்பர். இவற்றுக்கு ஓர் இடம் உண்டு. ஓர் எல்லை உண்டு. இடம் உண்டென்பதால் கத்தி எட்டும். ஆனால், எல்லை கண்ணுக்குத் தெரிவதோடு நிற்பதில்லை என்பதால் கத்தி மட்டும் போதாது. கதிர்வீச்சு, கத்தி தயங்கும் விளிம்பு வரை செல்லும். எனினும் உடலெங்கும் செல்லாது. மருந்து உடலெங்கும் செல்லும். ஆயினும் பெரிதாய்த் திரண்ட கட்டியை முழுதும் கரைக்கும் ஆற்றல் பெரும்பாலும் அதற்கு இல்லை. ஒவ்வொரு கருவியும் மற்றொன்றின் குறையை நிரப்புவது. ஒருவரே மூன்றிலும் முற்றத் தேர்தல் அரிது. குழு தோன்றியதன் காரணம் இத்துணை எளியது.

மருத்துவம் பற்றிய பேச்சு எழுந்தால் தமிழ் மேடைகளில் தவறாது முழங்குவது திருக்குறளின் 948ஆம் குறள். மருத்துவக் கல்லூரிச் சுவர் முதல் மருந்துக்கடை நாட்காட்டி வரை அஃது இடம்பெறாத இடம் இல்லை. அதே அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஐ எடுத்துக்காட்டுவோர் மிகச் சிலர். மருத்துவம் என்பது நான்கு கூறு உடையது என்றும், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவர் ஆகியோர் அந்நான்கு என்றும் வள்ளுவர் அங்கே வகுக்கின்றார். பரிமேலழகர் அந்நான்கையும் தனித்தனியே நந்நான்காகப் பகுத்து உரை காண்கின்றார். நோயாளிக்கு அவர் கூறும் நான்கனுள் பொருளுடையனாதலும், மருத்துவர் சொல்வழி நிற்றலும், மருந்தால் வரும் துன்பம் பொறுத்தலும் அடங்கும். எஞ்சிய ஒன்றுதான் இங்கு உற்றுநோக்கத்தக்கது: தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வன்மை. மருத்துவத்தின் பதினாறு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் சொல்வன்மையை அவ்வுரைகாரர் எண்ணினார். இன்றைய குழுமருத்துவத்தில் மிகுதியும் விடுபட்டு நிற்பது இக்கூறே.

குழுமருத்துவத்துக்குத் தமிழகம் காட்டத்தக்க வரலாறு அடையாறு புற்றுநோய் நிறுவனத்தினது. அவ்வரலாறு ஒரு சாவில் தொடங்குகின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் 1923இல் மலக்குடல் புற்றால் மறைந்தார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற்பெண் என்றெல்லாம் அறியப்பெறும் அம்மையார் ஒரு மருத்துவர். மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாதவர். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். இந்திய மாதர் சங்கம் பொருள் திரட்டியது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. இறப்புக்கும் திறப்புக்கும் இடையே முப்பத்தோர் ஆண்டுகள்.

அம்மையாரின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 1955 ஏப்ரலில் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனைப் பணி கைக்கெட்டியிருந்தும் அதை விட்டு வந்தவர் அவர். முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். பின்னர் மாதம் இருநூறு ரூபாயும் வளாகத்துக்குள் உறைவிடமும் பெற்றார். 2021 ஜனவரி 19இல் மறையும் வரை அவ்வளாகமே அவர்தம் இல்லம். அத்தொடக்க ஆண்டுகளில் குழு என்று தனியே கூட்டுவதற்கு ஆள் ஏது? அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கையிலேயே இருந்தன. ஆட்கள் சிலராக இருந்தமையால் துறைகளுக்கிடையே சுவர் எழவில்லை என்பதும் ஒரு பேறே. 1957இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் தமிழகத்தில் மிகுந்திருந்த கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் என்னும் மருந்தையும் சேர்த்தளித்து ஆய்ந்து, அதன் முடிவை இருவரும் 1977இல் வெளிநாட்டு மருத்துவ இதழில் வெளியிட்டனர். கதிரையும் மருந்தையும் ஒரே காலத்தில் இணைத்துத் தருதல் இன்று உலகெங்கும் நடைமுறை. 1984இல் புற்றுநோய்த் துறைக்கெனவே உயர்நிலைப் பட்டப்படிப்புகள் அங்குத் தொடங்கப்பெற்றன. இந்நாட்டின் பல நகரங்களில் குழுவில் அமர்ந்து முடிவெடுப்போர் சிலர் அவ்வளாகத்தில் பயின்று சென்றவரே. பரிமேலழகர் நோயாளிக்குக் கூறிய பொருளுடைமை இல்லாதவர்க்கும் அங்கே இடம் உண்டு என்பதைக் கூறாமல் செல்லுதல் தகாது.

சுந்தராம்பாளைக் கொண்ட நோயையே எடுத்துக்கொண்டு, குழு என்ன செய்கின்றது என்பதைச் சற்று விரிவாகக் காணலாம். மலக்குடல் இடுப்பெலும்பின் குறுகிய குழிக்குள் அமைந்தது. முன்னே கருப்பையோ சிறுநீர்ப்பையோ இருக்கும். சிறுநீரையும் உடலின்பத்தையும் ஆளும் நரம்புகள் இருபுறமும் ஒட்டி ஓடும். அறுப்பவர் கைக்கு இடமில்லாத இடம். 1908இல் இலண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்னும் அறுவை மருத்துவர், வயிற்று வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் இருமுனையில் அறுத்து மலக்குடலை முழுதும் அகற்றும் முறையை எழுதினார். அதன்பின் வாழ்நாள் முழுதும் வயிற்றில் திறந்த வாய் வழியே மலம் பையில் விழும். 1923இல் உலகம் அறிந்திருந்த பெரிய வழி அது. அவ்வாறு அறுத்தும் பலருக்கு அதே குழியில் நோய் மீண்டும் முளைத்தது.

1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து அறுவை மருத்துவர் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்பை அதன் மெல்லிய உறை கிழியாமல் ஒரே பொதியாக எடுக்கவேண்டும் என்றார். புற்றின் சிறுசிறு வழிகள் அப்பொதிக்குள்ளேயே ஓடுகின்றன என்பது அவர் கண்டது. உறை கிழியாத பொதி வெளிவந்தால் நோய் மீள்வது பெரிதும் குறைந்தது. இது கத்தியின் வெற்றி. ஆயினும் கட்டி உறையைத் தொட்டுவிட்டால்? அங்கேதான் கதிர்வீச்சு வேண்டும். கதிரை அறுவைக்கு முன் தருவதா, பின் தருவதா? ஜெர்மானியர் ஆய்ந்து 2004இல் விடை கூறினர். மருந்தோடு கூடிய கதிரை முன்னரே பெற்றவருள் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 6 பேர்க்கே அவ்விடத்தில் நோய் மீண்டது. பின்னர்ப் பெற்றவருள் 13 பேர்க்கு மீண்டது. வாழ்நாளில் இருசாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. மருந்து ஒன்று, கதிர் ஒன்று, கத்தி ஒன்று. வைப்புமுறை மாறியது, விளைவு மாறியது. வைப்புமுறையின் ஆற்றலைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதன் விளைவு யாது? கத்தி படுமுன்னரே குழு கூடவேண்டும். அறுத்தபின் கூடும் குழுவால் முன்னர்ச் செய்திருக்க வேண்டியதைச் செய்ய இயலாது. ஊரில் முதலில் பார்த்தவர் நல்லெண்ணத்தோடு அவசரமாக அறுத்தனுப்பிய நோயாளிகளைக் காணும்போது பெருமருத்துவமனை மருத்துவர் வருந்துவது இதனால்தான். 2022இல் நியூயார்க் நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை ஒரு செய்தியை வெளியிட்டது. மலக்குடல் புற்றின் ஒரு தனிவகை உடைய 12 பேர்க்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் டோஸ்டார்லிமாப் என்னும் மருந்தை மட்டும் ஆறு மாதம் அளித்தனர்; பன்னிருவர்க்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாது மறைந்தது. கத்தியும் இல்லை, கதிரும் இல்லை. அத்தனிவகை மலக்குடல் புற்றுடையார் நூற்றுவரில் ஐவர் முதல் பதின்மர் அளவினரே. ஆதலின் மகிழ்ச்சிக்கும் எல்லை உண்டு. ஆனால், அந்த ஐவரில் ஒருவர் தம்முன் வந்து நிற்கின்றாரா என்பதை அறிந்து சொல்லுபவர் அறுவை மருத்துவர் அல்லர், நோய்க்குறியியல் வல்லுநர்.

நோயாளி என்றும் காணாத மருத்துவர் அவர். அவர்தம் வேலை படிப்பது. பயாப்சி எனப்படும் திசு ஆய்வில் மிளகளவுச் சதை அவர் மேசைக்கு வரும். அதனை மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் படிப்பார். அறுவைக்குப் பின்னரோ முழு உறுப்பும் வரும். அதன் வெளிவிளிம்பு முழுதும் அவர் மை பூசுவார். பின்னர்ச் சீவிப் பார்க்கையில் புற்றணு அந்த மையைத் தொட்டு நின்றால், உடலுக்குள் மிச்சம் இருக்கக்கூடும் என்பது பொருள். மைக்கு உள்ளே அடங்கி நின்றால் அறுத்தது போதும். ஒரு மைக்கோடு ஒருவரை மீண்டும் அறுவைக் கூடத்துக்கு அனுப்பவும் வீட்டுக்கு அனுப்பவும் வல்லது. பெருங்குடல் பொதியில் குறைந்தது பன்னிரண்டு நிணநீர் முடிச்சுகளையாவது தேடியெடுத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. ஆறே பார்த்து நோயில்லை என்று எழுதினால் அஃது இல்லை என்றதாகாது, தேடவில்லை என்றதாகும். ஏட்டுச் சுவடி பல தேடி, பாடவேறுபாடு குறித்து, கரையான் அரித்த இடத்தை ஊகத்தால் நிரப்ப மறுத்த உ.வே.சா. போன்றோரின் ஒழுக்கம் இவ்வறையிலும் உண்டு.

இவ்வாறு கூடி முடிவெடுத்தல் உயிரைக் காக்கின்றதா, அன்றி வெறும் சடங்கா என்று ஐயுறுவோர் மருத்துவருள்ளும் உளர். அவர்க்கு ஸ்காட்லாந்து விடை தருகின்றது. கிளாஸ்கோ வட்டாரத்தில் 1995இல் மார்பகப் புற்றுக்குப் பல்துறைக் குழுமுறை நடைமுறைக்கு வந்தது. அண்டை வட்டாரங்களில் அப்போது வரவில்லை. 1990 முதல் 2000 வரை நோய் கண்ட 13,722 பெண்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டனர். குழு தோன்றுமுன் கிளாஸ்கோவில் மார்பகப் புற்றுச் சாவு அண்டைப் பகுதிகளைவிட நூற்றுக்கு 11 பங்கு மிகுதி. தோன்றியபின் 18 பங்கு குறைவு. புதிய மருந்து எதனையும் கண்டுபிடித்ததால் வந்த விளைவன்று இது. இருந்த மருத்துவர்கள் ஒரே அறையில் அமர்ந்தனர். பிறர் கேட்கத் தம் கருத்துக்குக் காரணம் கூறினர். விதிகளை ஒட்டி முடிவெடுத்தனர். அதே 1995இல்தான் இங்கிலாந்திலும் கால்மன், ஹைன் ஆகியோரின் அறிக்கை, புற்றுநோய் மருத்துவம் குழுவாகவே நடைபெறவேண்டும் என வற்புறுத்தியது.

இனி அக்குறைக்கு வருவோம்.

குழுவின் மொழி குறியீட்டு மொழி. பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரை வகுத்த முறைப்படி, நோயின் நிலையை மூன்றெழுத்தில் எழுதுவர். டி என்பது கட்டியின் அளவும் ஆழமும். என் என்பது நெறிக்கட்டிகளில் நோய் ஏறியமை. எம் என்பது தொலைவுறுப்புக்குப் பரவியமை. ஒவ்வோர் எழுத்தின் அருகும் ஓர் எண். சென்னையில் எழுதியது டோக்கியோவில் புரியும். வெண்பாவைத் தேமா புளிமா என வாய்பாடாக்குவது போன்றது இது, பயனுடையதே. வாய்பாடு மட்டும் கேட்டவர் பாட்டைக் கேட்டவர் ஆகார். குழு வாய்பாட்டோடு எழுந்து செல்கின்றது. பாட்டை நோயாளிக்கு யார் சொல்வது?

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் வழங்கும் சொற்களைச் செவிமடுத்தல் நன்று. கதிர்வீச்சுக்கு மக்கள் இட்ட பெயர் கரண்டு வைத்தல். அச்சொல்லால் உடலுக்குள் மின்சாரம் பாயும் என்றஞ்சி, முதல்நாளே வீடு திரும்புவோர் உண்டு. கதிர் பாயும்போது வலி தெரியாது என்னும் ஒரு தொடரை எவரேனும் முன்கூட்டிச் சொன்னால் அவ்வச்சம் தணியும். திசு ஆய்வைச் சதை கிள்ளிப் பார்ப்பது என்பர். கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்பது ஊரார் வாக்கு. அவ்வாக்கை நம்பித் திசு ஆய்வை மறுத்தவர் திரும்பி வருவது பல மாதம் கழித்து, கட்டி தோலைப் பிளந்தபின். குழு எத்துணை வல்லதாயினும் திசு இன்றி அதனால் ஒரு சொல்லும் கூற இயலாது. ஆகவே, அந்த ஒரு தொடர், சதை கிள்ளினால் பரவும் என்னும் தொடர், ஓர் அறுவைக்கூடத்தையே பயனற்றதாக்கிவிடுகின்றது.

உறுப்பின் பெயரும் தடையாகின்றது. மார்பகம், கருப்பை வாய், மலக்குடல், ஆண்குறி ஆகியவை மிகுதியும் நோயுறும் அல்லது நோயுற்றால் மறைக்கப்பெறும் உறுப்புகள். வீட்டில் வாய்விட்டுக் கூறாத பெயர்களும் இவையே. மகனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு தாய் ஓராண்டு காத்திருப்பது வியப்பன்று. மருமகளிடம் சாடையாகக் கூறி, அவர் கணவரிடம் கூறி, அவர் விடுப்பெடுத்து அழைத்து வருவதற்குள் டி என்னும் எழுத்தின் அருகிருந்த எண் ஒன்றிலிருந்து மூன்றாகிவிடும். கேசாதிபாதம் பாடிய மொழிக்கு இவ்வுறுப்புகள் புதியன அல்ல. உவமை ஆயிரம் தந்த புலவர்கள், அவ்வுறுப்பு நோவும்போது கூறத்தக்க சொல் ஒன்றைத் தந்தனரா என்பது வேறு வினா.

பிறகு மறைத்தல். அம்மாவிடம் சொல்லவேண்டா, தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் மருத்துவரிடம் கைகூப்புவது அன்றாட நிகழ்ச்சி. அதில் அன்பு இல்லை என்று எவரும் கூறார். ஆனால், வெறுங்கட்டிதான் என்று கூறப்பெற்ற அம்மையார் இருபத்தைந்து நாள் கதிரை எதற்காகப் பொறுக்கவேண்டும்? முடி கொட்டி வாய் வெந்து நிற்கையில், வெறுங்கட்டிக்கு இத்துணைத் துன்பமா என்று அவர் கேட்கமாட்டாரா? இடையில் நிறுத்துவோருள் இத்தகையோரும் உளர். நோயாளிக்குரிய கூறாகிய துன்பம் பொறுத்தல், நோயறிதல் இன்றி நிகழாது. மாறாக, எல்லார்க்கும் எல்லாவற்றையும் முதல்நாளே கூறிவிடவேண்டும் என்பதும் பொருந்தாது. எவ்வளவு அறிய விழைகின்றார் என்பதை நோயாளியிடமே கேட்டறிந்து கூறுதல் நெறி. அதற்குக் காலம் வேண்டும். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் காலமே கிட்டாத மருந்து. இதற்காக மருத்துவரைக் குறைகூறுவது எளிது, நேர்மையன்று.

நம் நாட்டுப் பெருமருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளியையே குழுவின் நடுவே அழைத்து அமர்த்திப் பார்ப்பதுண்டு. ஏட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பதினும் அது மேம்பட்டது. ஆனால், அங்கே நிகழ்வது யாது? ஒருவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கின்றார். ஒருவர் வாயைத் திறக்கச் சொல்கின்றார். தலைக்கு மேலே ஆங்கிலம் பறக்கின்றது. ஆப்பரபிள், இனாப்பரபிள், பேலியேட்டிவ். இறுதிச் சொல்லுக்கு நோய்தணிப்புப் பேணல் எனத் தமிழ் உண்டு. வலியை நீக்கி, புண்ணைத் தூய்மை செய்து, மூச்சுத்திணறலைக் குறைத்து உடனிருக்கும் சிறப்பு மருத்துவம் அது. அதற்கும் தனி வல்லுநர் குழுவில் உண்டு. தாழ்வாரத்தில் அச்சொல் அடையும் மொழிபெயர்ப்போ, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது. செய்வதற்கு நிறைய இருக்கும் வேளையில் கூறப்பெறும் பொய் இது. வள்ளுவர் எண்ணிய நான்காம் கூறாகிய அருகிருப்பவர் பாய்விரித்துப் படுத்திருக்கும் மரத்தடிக்கு இப்பொய்தான் முதலில் சென்று சேர்கின்றது.

இக்குழுவில் சொல்லுக்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. குரல்வளைப் புற்று. முற்றிய குரல்வளைப் புற்றுக்கு அவ்வுறுப்பையே அகற்றுதல் ஒரே வழி என நெடுங்காலம் கருதினர். 1991இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் 332 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. பாதிப்பேர்க்கு அறுவை, மறுபாதியினர்க்கு முதலில் மருந்து, பின்னர்க் கதிர்வீச்சு. ஈராண்டு முடிவில் இருசாராரிலும் நூற்றுக்கு 68 பேர் உயிரோடிருந்தனர். மருந்தும் கதிரும் பெற்றவருள் 64 பேரிடம் குரல்வளையும் இருந்தது. உயிர் ஒக்கும் எனில் குரலைக் காப்பதே முறை. அன்றுமுதல் அறுவை மருத்துவர் தனித்து முடிவெடுக்கும் நோயாக அது இல்லை.

எனினும் அகற்றியே தீரவேண்டியவர் இன்றும் உளர். தொல்காப்பியம் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு எனத் தங்கி, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற எழுத்தாகும் என்கின்றது. குரல்வளை அகற்றப்பெற்றவர்க்குக் காற்று மிடற்றுக்கு மேலே ஏறுவதில்லை. கழுத்தில் இட்ட துளை வழியே வெளியேறிவிடும். பல்லும் இதழும் நாவும் அண்ணமும் உள்ளன, காற்று இல்லை. 1980இல் சிங்கர், பிளாம் என்னும் இருவர் அறிமுகப்படுத்திய சிறு வால்வைப் பொருத்திப் பேசுவோர் உண்டு. வால்வு இல்லாதவர்க்கும் வழி ஒன்று உண்டு. வாயிலுள்ள காற்றை உணவுக்குழலுக்குள் அழுத்தி, ஏப்பம்போல் மீட்டு, அதனை எழுத்தாக்குதல். கற்பிப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். மருத்துவர் அல்லர், ஆனால் குழுவில் ஒருவர்.

உயிரெழுத்தில் அப்பயிற்சி எளிதாகாது. மெல்லினமும் இடையினமும் காற்றை உள்ளே தள்ளா. இதழையும் நாவையும் அண்ணத்தையும் அடைத்துத் திறக்கும் ஒலிகளே காற்றை உணவுக்குழலுக்குள் செலுத்தும். க, த, ப. வல்லினத்தில்தான் அவர்தம் இரண்டாம் பேச்சு தொடங்கவேண்டும். ஒற்று இரட்டித்து வருமாயின் இன்னும் எளிது. பாப்பா, தாத்தா, காக்கா. குழந்தை கற்ற சொற்களுள் சிலவற்றையே அறுபது வயதில் அவர் மீண்டும் கற்கின்றார். அறுபது வயதினர் படிப்பதற்கென்று, வல்லினம் மிக்கு, நான்கு சீருக்கு மேற்படாத அடிகளில் தமிழில் பயிற்சிப் பாக்கள் எழுதித் தரத்தக்கவர் இவ்வரங்கில் பலர் உளர்.